185-க்கு 184: தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, "வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தேர்தல் முடிவையே நம்பமாட்டோம் என்று ஆபீஸில் பாதிப்பேர் சொல்கிறார்கள். இந்த அமெரிக்காவை நம்பிக் குடும்பத்தைக் கூட்டிவரலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டிவாருங்கள். இதைவிட மோசமான தகராறை இந்த நாடு பார்த்திருக்கிறது.

நான் இருக்கும் ஒஹாயோவின் கவர்னராக இருந்தவர் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ், ரிபப்ளிகன். 1876 ஜனாதிபதித் தேர்தலில் அவரை எதிர்த்த டெமாக்ரட் சாமுவேல் டில்டனுக்குச் சுமார் இரண்டரை லட்சம் ஓட்டு கூடுதல். ஆனால் ஜெயிக்க 185 எலக்டோரல் ஓட்டு, அதாவது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட ஓட்டு, வேண்டும். டில்டனிடம் 184, ஹேய்ஸிடம் 165. மீதி 20-ம் தகராறில். ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினாவிலிருந்து கட்சிக்கொரு முடிவு வந்தது. ஓரிகனில் ஒரு ஓட்டுக்குச் சண்டை. நாடாளுமன்றம் 15 பேர் கமிஷன் போட்டது. அது எட்டுக்கு ஏழு என்று பிரிந்து, இருபதையும் ஹேய்ஸுக்கே கொடுத்தது. 1877 மார்ச் 2-ல் முடிவு: 185-184.

"டில்டனிடமிருந்து திருடிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் பாதிக்கதைதான். தெற்கில் கறுப்பின மக்கள் ஓட்டுப்போடாமலிருக்க ஆயுதக் கும்பல்கள் மிரட்டின, கொன்றன. டில்டனுக்கு அங்கே விழுந்த ஓட்டுக் கணக்கில் அந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது. ஹேய்ஸ் பதவியேற்றதும் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளைக் காத்துநின்ற ராணுவத்தை விலக்கினார். அடுத்துவந்த ஆண்டுகளில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைத் தென் மாநிலங்கள் படிப்படியாகப் பறித்தன. 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பெரும்பாலோருக்கு அது திரும்பவில்லை. ஹேய்ஸுக்குப் பதவி, தெற்கிலிருந்து ராணுவம் விலகல் என்ற இந்த ஏற்பாட்டைச் சிலர் நல்ல சமரசம் என்று பாராட்டும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. விட்டுக்கொடுத்தது யாருடைய உரிமையை?

2020 தேர்தலில் பைடன் வென்றதை ஆட்சேபித்து, 2021 ஜனவரியில் டெட் க்ரூஸ் உள்ளிட்ட சில ரிபப்ளிகன் செனட்டர்கள் அதே 1877 கமிஷனை முன்னுதாரணமாகக் காட்டினார்கள். பொருந்தாத உதாரணம் அது. 2020-ல் ஒவ்வொரு மாநிலமும் முறைப்படி சான்றளித்து அனுப்பியது ஒரே முடிவைத்தான். எதிர்த்துப் போட்ட வழக்குகளும் நிற்கவில்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 2022-ல் சட்டத்தை இறுக்கினார்கள். எலக்டோரல் ஓட்டு எண்ணும்போது தலைமை தாங்கும் துணை ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்கு எதையும் தள்ளமுடியாது. ஆட்சேபிக்க இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். முன்பு அவைக்கு ஒருவர் போதும்.

ஒன்று மட்டும் கவனம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப்போனால் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்கலாம். குடியுரிமை கிடைக்கும்வரை "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். தவறிப் பதிந்தால்கூட கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் பெரிய சிக்கலாகிவிடும்.