நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. சிறு தொழிற்சாலை நடத்துபவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சம்பளச் சீட்டை. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வக்கீல் இல்லை. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன், 34 பேர் வேலை செய்கிறார்கள். ஊதியத் தொகுப்பு 2019-லும் மற்ற மூன்றும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. ஐந்து வருடமாக "வருது, வருது" என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் காது புளித்துவிட்டது. அதனால் 2025 நவம்பர் 21 அன்று 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக இந்த நான்கும் அமலுக்கு வந்தன என்ற செய்தியைப் படித்தபோது கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடிட்டர் கூப்பிட்டு எங்கள் ஃபோர்மேன் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் கணக்கு இதுதான். அவருக்கு மாதம் 42,000. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600, வீட்டு வாடகைப்படி 7,000, போக்குவரத்துப்படி 3,800, மீதி 15,600 'ஸ்பெஷல் அலவன்ஸ்'. நம்மில் பாதிப்பேர் சீட்டு இப்படித்தான் இருக்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) இரண்டையும் குறைத்துக் காட்டத்தான் இந்த ஸ்பெஷல் அலவன்ஸே பிறந்தது, அதை ஒளிப்பானேன்.

புதிய வரையறையில், ஊதியத்தில் சேராதவை இன்னின்னவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓ.டி., கமிஷன், போனஸ் எல்லாம் அதில் வரும். அவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை திரும்ப ஊதியத்தில் சேரும். "பேசிக்கைப் பாதியாக்கிவிட்டால் போதும்" என்று வாட்ஸப்பில் சுற்றுவது இதைத்தான். ஆனால் ஸ்பெஷல் அலவன்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பாதியைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அது ஊதியம்தான். ஆக ஃபோர்மேனின் ஊதியம் 21,000 அல்ல, 31,200.

பி.எஃப். எவ்வளவு ஏறும் என்று பயந்தேன். ஒரு ரூபாய் கூட ஏறவில்லை, ஏனென்றால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் நாங்கள் 15,000 என்ற உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம், அதாவது 1,800 தான் கட்டுகிறோம். அடி கிராஜுவிட்டியில். வருடத்துக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. முன்பு வருடத்துக்கு 9,000, இப்போது 18,000. கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்து எல்லா வருடத்துக்கும் கணக்கிடுவதால், அவருடைய பன்னிரண்டு வருடத்துக்கு 1,08,000 ஆக இருந்தது ஒரே நாளில் 2,16,000 ஆகிவிட்டது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற கம்பெனிகளே 2025 டிசம்பர் காலாண்டில் இதற்காக தலைக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவாக எழுத வேண்டியிருந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

"இனிமேல் ஒரு வருடம் வேலை பார்த்தாலே எல்லாருக்கும் கிராஜுவிட்டி" என்பது தவறு. குறித்த கால ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் ஒரு வருடம். நிரந்தரப் பணியாளருக்கு அதே ஐந்து வருடம். அப்படியானால் எல்லாரையும் குறித்த காலத்துக்கே எடுத்துவிடலாமா என்று சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு நண்பர் கேட்டார். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று தமிழ்நாட்டில் 1981-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது மாநிலச் சட்டம், அந்த 29-ல் சேராது, அதனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து என்னை மாட்டிவிட்டது இரண்டு நாள் விதி. வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். (கிராஜுவிட்டிக்கு மட்டும் முப்பது நாள்.) பொங்கலுக்கு ஊருக்குப் போன சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவர் போனில், "அண்ணா, இனி வரலீங்ணா" என்றார். பழைய வழக்கப்படி ஏழாம் தேதி மற்றவர்களோடு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வாயில் வந்தது. அவர் வாங்கியிருந்த முன்பணம் 18,000, கடைசி மாதச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்தம் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆக, பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை இரண்டாம் நாள் அனுப்பினேன். பாக்கி முன்பணம் வருமா என்று கேட்காதீர்கள். இப்போது முன்பணத்துக்கு ஒரு தனி நோட்டும், ஓ.டி. மணிநேரத்தை அன்றன்றைக்கே ஏற்றும் பழக்கமும் வந்திருக்கிறது. அது இல்லாமல் இரண்டு நாளில் கணக்கு முடியாது.

மின்சாரம் வைத்து ஓட்டும் பட்டறை இனி 20 பேர் இருந்தால்தான் சட்டப்படி தொழிற்சாலை, முன்பு 10. பக்கத்துப் பட்டறைக்காரர் 14 பேரை வைத்துக்கொண்டு "நான் தப்பிச்சேன்" என்கிறார். ஊதியத் தொகுப்புக்கு அப்படி ஆள் கணக்கே கிடையாது, ஒருவர் இருந்தாலும் பொருந்தும். ஆள்குறைப்புக்கு அரசு அனுமதி 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான், அது நம் உலகம் இல்லை. வெளிமாநிலத்து ஆட்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் வருடம் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வரும் செலவைத் தர வேண்டும், அதை பட்ஜெட்டில் எழுதி வையுங்கள். சம்பளத்தோடு விடுப்பு பெற வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 180 ஆகிவிட்டது.

கடைசியாக, பணி நியமனக் கடிதம். இப்போது எல்லாருக்கும் கட்டாயம், பழைய ஆட்களுக்கும். எங்கள் பட்டறையின் மூத்த லேத் ஆபரேட்டரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் என்னைய வேலைக்கு எடுக்கறீங்ளா?" என்றார். சேர்ந்த தேதி என்ற இடத்தில்தான் சிக்கல். பி.எஃப். கணக்கில் 2010 என்று இருக்கிறது. அவர் வந்தது 2006 ஆவணியில், அப்பா காலத்தில், அது எனக்கும் தெரியும். ஆவணி என்று எழுத முடியாது, 2006 செப்டம்பர் 1 என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.