அந்த ஒன்பது மணி டம்ளர்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஊர். வயது 41. எச்.ஐ.வி. இருக்கிறது. பத்து வருஷமாக அதை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். டெஸ்ட்டில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. வெளிநாட்டில், எச்.ஐ.வி.யை அடியோடு குணமாக்க வழி தேடுபவர்கள், மாத்திரையை நிறுத்தி வைரஸ் எப்போது திரும்புகிறது என்று பார்க்கிறார்களாம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் "நாம என்ன எலியா?" என்கிறார்கள். மீதிப் பேர் "யாராவது போனாத்தானே வழி பிறக்கும்" என்கிறார்கள். இங்கே வந்தால் நான் தயார். என் உடம்பு, என் முடிவு. மனைவிக்கு நெகட்டிவ். ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைப்பது அவள்தான். இதைச் சொல்லி அவளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன். சேரலாமா?

பதில்: தம்பி, ஆராய்ச்சியை விடுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். அந்த டம்ளரைப் பற்றிப் பேசுவோம்.

பத்து வருஷம் என்றால் மூவாயிரத்து அறுநூறு ராத்திரிக்கு மேல். அவளுக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரியும், உங்களோடு சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ராத்திரியும் அதில் அடக்கம். நாளைக்கு நீங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டீர்கள். மணி ஒன்பது, டம்ளர் வருகிறது. என்ன செய்வீர்கள்? மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துப்புவீர்களா?

மன்னார்குடிப் பக்கத்து ஆளுக்குக் கோரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. களை பறித்த அன்று வயல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். இந்த வைரஸும் சில செல்களுக்குள் அப்படித்தான் ஒளிந்து கிடக்கிறது. மாத்திரை அங்கே எட்டாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் முளைத்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தை ஒன்று 27 மாதம் மருந்தில்லாமல் இருந்தது. குணமாகிவிட்டது என்றே உலகம் நம்பியது. 2014-இல் வைரஸ் திரும்பி வந்துவிட்டது.

வைரஸ் தெரியாத அளவில் இருக்கும்வரை தாம்பத்தியத்தில் உங்களிடமிருந்து அவளுக்குத் தொற்றாது. அந்த நிம்மதி மாத்திரையோடு சேர்ந்தே நிற்கும். வெளிநாட்டில் இப்படி நிறுத்தியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றியது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் துணைக்கு முன்தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்களே பேசுகிறார்கள். முன்பின் தெரியாத அவர்கள் கணக்கில் உங்கள் மனைவி இருக்கிறாள். உங்கள் கணக்கில் காணோம்.

கல்யாணமான ஆள் "என் உடம்பு, என் முடிவு" என்றால் எனக்குக் கோபம் வரும். பழைய காலத்து மனுஷி என்று திட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்தும் பெட்டியைக் கட்டாமல் இருந்தவள் அவள். கூட்டத்தில் அத்தனை பேரிடமும் வாய் கிழியப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடம் மட்டும் மறைப்பதற்குப் பெயர் அக்கறையா?

சரி, உங்கள் கூட்டத்துச் சண்டைக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்த ஒரு பெரிய ஆராய்ச்சியை 2006 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் அளவு பார்த்து மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நோயும் சாவும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. "ஒரு வேளைகூட விடாதே" என்று இன்று டாக்டர் அடித்துச் சொல்கிறாரே, அது அவர்கள் கொடுத்த விலை. அவர்களை எலி என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது நடப்பவை அப்படி இல்லை, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, வைரஸ் ஏறினால் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். ஆனால் வாராவாரம் நீங்கள் பஸ் ஏறினால், டீக்கடையில் "எங்கே அடிக்கடி?" என்று கேட்க ஆள் இருக்கும். அதற்குப் பதில் சொல்லித் தவிக்கப் போவதும் அவள்தான். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி, விவரம் தெரிந்து நீங்கள் சம்மதிக்காமல் யாரும் உங்களை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. கையெழுத்து உங்களுடையதுதான், மறுக்கவில்லை.

இன்று ராத்திரி டம்ளர் வந்ததும் மாத்திரையை முதலில் விழுங்குங்கள். பிறகு அவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லுங்கள். அழுவாள், திட்டுவாள், கேள்வி கேட்பாள். அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தக் கேள்விகளை டாக்டரிடம் அவளே கேட்கட்டும். அதற்குள் நாமே நாலு நாள் நிறுத்திப் பார்ப்போம் என்ற கிறுக்குத்தனம் கூடவே கூடாது. எல்லாம் கேட்டபிறகும் அவள் வேண்டாம் என்றால், வேண்டாம். என்னிடம் அப்பீல் கிடையாது.