பரண்மேல் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு: ஒயின் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுக்க "நல்ல ஒயின் எது?" என்ற ஒற்றை வரிதான். என்ன விலைக்குள் வேண்டும், இனிப்பு பிடிக்குமா, எந்தச் சாப்பாட்டோடு என்று ஒரு வார்த்தை கிடையாது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். மற்றவற்றுக்குப் போகுமுன் வழக்கமான இரண்டு எச்சரிக்கைகள்: 21 வயது நிரம்பாதவர்களுக்கு இந்தப் பகுதி இல்லை. ருசி பார்த்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள், "ரெண்டே வாய்தான்" என்றாலும்.

ராயபுரம் வாசகர்: ருசி பார்க்கத் தனி கிளாஸ் வாங்கியே ஆக வேண்டுமா? வீட்டில் எவர்சில்வர் டம்ளர்தான் இருக்கிறது.

வாங்குங்கள். எவர்சில்வரில் நிறம் தெரியாது, மேலே அகன்ற டம்ளரில் மணம் நிற்காது. அடி அகன்று வாய் குறுகிய, காம்பு வைத்த சாதாரணக் கண்ணாடி கிளாஸ் போதும். தொழில்முறை ருசிப்புக்கென்று 1977இல் ஒரு சர்வதேசத் தரம் வந்தது. அந்தக் கிளாஸே ஏறக்குறைய 215 மில்லிதான் பிடிக்கும். பாரிமுனைப் பக்கம் கண்ணாடிச் சாமான் விற்கும் சந்துகளில் தேடினால் அரை டஜன் சல்லிசாகக் கிடைக்கும். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஊற்றுவது 50 மில்லி, அதாவது கால் கிளாஸ். விளிம்புவரை ஊற்றிவிட்டு "வாசனையே வரவில்லை" என்று எனக்கு எழுதாதீர்கள். கழுவிய கிளாஸை அந்துருண்டை போட்ட பீரோவில் அடுக்கவும் வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை வாசகர்: சுழற்றினால் கிளாஸின் உள்பக்கம் கோடு கோடாக வழிகிறது. நிறைய வழிந்தால் உயர்ந்த ஒயினா?

இல்லை. ஆல்கஹால் ஆவியாகும்போது மேற்பரப்பு இழுவிசை மாறுவதால் வருவது. ஜேம்ஸ் தாம்சன் என்ற விஞ்ஞானி 1855லேயே விளக்கிவிட்டார். ஆல்கஹால் கூடுதலா என்று ஓரளவு தெரியும், தரம் தெரியாது.

வியாசர்பாடி வாசகர்: நண்பர்கள் நாலு பேர், நாலு பாட்டில். முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். பாட்டில்களை நியூஸ்பேப்பரில் சுற்றி ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். சுற்றுகிற ஆள் வேறு, எண் போட்டு ஊற்றுகிற ஆள் வேறாக இருந்தால் யாருக்கும் முழு விவரம் தெரியாது. வெள்ளை முதலில், சிவப்பு பின்னால். இனிப்பில்லாதது முதலில், இனிப்பு கடைசியில். அதனால் எது என்ன வகை என்பதை மட்டும் சுற்றுகிறவர் தாள்மேல் குறித்துவிட வேண்டும்.

வெள்ளைத்தாள் மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை முகருங்கள். அப்புறம் ஒரு வாய், நாக்கு முழுக்கப் படும்படி பத்து வினாடி. புளிப்பு இருந்தால் தாடை ஓரம் எச்சில் ஊறும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருந்தால் சாயம் முற்றிய பால் ஊற்றாத டீ போல ஈறு வறண்டு பிடிக்கும். விழுங்கியபிறகோ துப்பியபிறகோ ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். மலிவானதுக்கும் நல்லதுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

துப்புவது கௌரவக் குறைச்சல் இல்லை. இதே வேலையாக இருப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். ஆளுக்கொரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது: எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "ஆஹா" என்றால் மற்ற மூன்று நாக்கும் அவர் பின்னால் போய்விடும். கண்ணும் ஏமாற்றும். பிரான்சின் போர்தோவில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனையைத்தான் அவர்கள் எழுதினார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்துக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நியூஸ்பேப்பர் சுற்றச் சொல்வது இதற்காகத்தான்.

பெரம்பூர் வாசகர்: மாமனார் 2014இல் கொடுத்த ரெட் ஒயின் பாட்டிலைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழசாக ஆக மதிப்பு கூடும் என்கிறார்கள். ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் வைப்பதுதான் முறை என்றும் படித்தேன். பெண் கல்யாணத்துக்குத் திறந்து ருசி பார்க்கலாமா?

எந்த ஒயின், எந்த ஊர், கார்க்கா திருகு மூடியா, வீடு மொட்டைமாடிக்குக் கீழேயா? ஒன்றும் எழுதவில்லை. "பத்திரமாக" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, பெரம்பூரில் மே மாதப் பரணில் கையை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே 40 டிகிரி என்றால் தளத்தை ஒட்டிய அந்த இடம் ராத்திரியிலும் ஆறாது. ஒயின் கேட்பது 12, 14 டிகிரி, இருட்டு, ஆடாத இடம். பரணில் இருட்டு மட்டும்தான் இருக்கிறது.

சூட்டில் என்ன ஆகும்? உள்ளே திரவம் விரியும், கார்க்கை மேலே தள்ளும். ஆறும்போது சுருங்கி, தளர்ந்த கார்க் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். இப்படிச் சில கோடைகள் போனால் பழ மணம் செத்து, காய்ச்சிய ஜாம் வாசனை வரும். நிறம் செங்கல் பழுப்புக்குத் திரும்பும். நல்ல பாட்டிலில் மெதுவாக நடக்க வேண்டிய முதுமை இங்கே தறிகெட்டு ஓடும்.

அடுத்தது இந்தப் "பழசு" நம்பிக்கை. மாதாமாதம் எழுதுகிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: உலகத்தில் விற்கிற ஒயினில் பத்துக்கு ஒன்பது சில வருஷத்துக்குள் குடிக்கவே செய்யப்பட்டது. வருஷக்கணக்கில் வைக்கத் தகுந்தவை பெரும்பாலும் புளிப்பும் டானினும் கெட்டியாக உள்ள சில சிவப்புகளும், சில இனிப்பு ஒயின்களும்தான். நாசிக், பெங்களூரு அருகே நந்தி மலைப் பக்கத்திலிருந்து வரும் சாதாரண வெள்ளைகளை இரண்டு வருஷத்துக்குள், சிவப்புகளை மூன்று நாலு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். அதுவும் குளிர்ச்சியாக வைத்திருந்தால்.

மூன்றாவது, ரூம் டெம்பரேச்சர். அந்த அறை உங்கள் வீட்டு ஹால் இல்லை. ஐரோப்பாவில் கல் சுவர் வைத்த வீட்டின் 16, 18 டிகிரி அறை. 32 டிகிரியில் ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நல்ல ஒயினுக்கும் மட்டமான ஒயினுக்கும் வித்தியாசமே தெரியாது. நம் ஊரில் சிவப்பையும் ஃபிரிட்ஜில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் வைத்துத்தான் திறக்க வேண்டும். வெள்ளை நேர்மாறு: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள், நாலைந்து டிகிரியில் மணம் மரத்துப்போயிருக்கும். இதை ஒருவரும் கேட்பதில்லை. "ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாதாமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எனக்கே திருப்பி எழுதுகிறார்கள்.

உங்கள் பாட்டிலை இந்த ஞாயிறே திறங்கள். கார்க் மேலே துருத்தியிருந்தாலோ, கழுத்து உறையடியில் பிசுபிசுப்பு காய்ந்திருந்தாலோ, ஒயின் மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ ஆசையை விட்டுவிடுங்கள். அதிர்ஷ்டம் இருந்து நன்றாக இருந்தால் மாமனார் பேரைச் சொல்லிக் குடியுங்கள். கல்யாணத்துக்குக் கல்யாண மாதத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கடையாக இருந்தாலும் வெயில் படும் ஷெல்ஃபில் நின்ற பாட்டிலை எடுக்காதீர்கள், உள்ளேயிருந்து கேட்டு வாங்குங்கள். வீட்டில் தனி வசதி இல்லாவிட்டால் ஃபிரிட்ஜின் காய்கறி டிரே போதும். கார்க் பாட்டிலைப் படுக்கவையுங்கள்.

காசிமேடு வாசகர்: வஞ்சிரம் வறுவலோடு ரெட் ஒயின் குடித்தால் வாயில் இரும்பு வாடை. கெட்டுப்போன ஒயினா?

ஒயின் மேல் தப்பில்லை, ஜோடிதான் தப்பு. ஒயினில் இருக்கும் துளி இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கவுச்சியைக் கிளப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியது. சிவப்பில் பொதுவாக இரும்பு சற்று அதிகம். வறுவலுக்கு நன்றாகக் குளிர்ந்த வெள்ளை. காரக் குழம்பு என்றால் லேசாக இனிக்கும் செனின் பிளாங்க் என்ற வெள்ளையை எடுங்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும், அதனால் 14 சதவீதச் சிவப்பு வேண்டவே வேண்டாம். ஆனால் ஒயினை எடைபோடுவது சாப்பாட்டுக்கு முன்னால். தண்ணீரும் வெறும் பிரெட்டும் போதும்.

மணலி வாசகர்: ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வரும் என்கிறார்கள். எனக்கு வரவே இல்லை. மூக்கில் கோளாறா?

இருக்கலாம், ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த மணத்தைத் தருவது ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள். ஆஸ்திரேலியர்கள் 2008இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள், நம் கருமிளகிலும் அதேதான். ஐந்தில் ஒருவருக்கு அது மூக்குக்கே எட்டாது. உங்கள் கடிதத்தில் வேறொன்று இடித்தது: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ருசி பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, தலையில் மல்லிகை, ஜன்னல் வழியாக மணலி ஆலைக் காற்று. இதில் மிளகு எங்கே வரும்? ஞாயிறு காலை பதினொரு மணி, ஜன்னல் சாத்தி, பல் தேய்த்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: பிளாக் கரன்ட், கூஸ்பெரி என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்படியானால் எழுதாதீர்கள். நாவல்பழம், கொய்யா, நெல்லிக்காய், பன்னீர் திராட்சை என்று எழுதுங்கள். சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் பச்சைக் குடைமிளகாய் அறுத்த வாசனை வந்தால் அது நிஜமாகவே அங்கே இருக்கிறது, பைரசின் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும். நோட்டில் தேதி, பாட்டில், மூன்று மணம், வாங்கிய விலை. மறுபடி வாங்குவேனா, மாட்டேனா என்று கடைசியாக ஒரு வரி. நூற்றுக்கு 87 போடும் வேலையை விமர்சகர்களிடம் விடுங்கள்.

மீண்டும் பெரம்பூர், வேறு வாசகர்: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுகிறோம். கம்பம் பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட். அளவு சொல்லுங்கள், அப்படியே தரம் பார்ப்பது எப்படி என்றும்.

அளவு சொல்ல மாட்டேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, உரிமமில்லாமல் மது தயாரிப்பதைக் குற்றம் என்கிறது. பாட்டி காலத்து வழக்கம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ருசியைப் பொறுத்தவரை, பன்னீர் திராட்சையின் பூ மணத்தைச் சர்க்கரை கொட்டி மூழ்கடிப்பதுதான் நான் வாய்வைத்த பெரும்பாலான வீட்டு ஒயின்களின் கதை.

கொருக்குப்பேட்டை வாசகர்: கார்க்கின் அடியில் கண்ணாடித் துகள் மாதிரி மின்னுகிறது. பாட்டில் உடைந்திருக்குமா?

டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. ஒயின் குளிர்ந்தால் படிகமாகும், தீங்கில்லை. கடித்தால் நொறுங்கும், கண்ணாடி நொறுங்காது. கடித்துச் சோதிக்கச் சொல்லவில்லை, விரலால் நசுக்கிப் பாருங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கொஞ்ச நேரம் வைத்தால் போகுமா?

போகாது, கூடும். கார்க்கிலிருந்து வரும் கோளாறு. பில் இருந்தால் கடையில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணூர் வாசகர்: பாதி பாட்டில் மிச்சம். எத்தனை நாள் தாங்கும்?

வெள்ளையோ சிவப்போ, மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் மூன்று நாள், நல்ல சிவப்பு ஐந்து நாள். சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடினால் இன்னும் ஓரிரு நாள் கிடைக்கும். அதற்குமேல் புளித்துவிட்டால் மட்டன் ஊறவைக்க ஆகும்.