வாசகர் கேள்வி–பதில்: பழைய கிராமபோனுக்குப் புது உதிரிபாகம்

கேள்வி (காரைக்குடி வாசகர்): வீட்டிலுள்ள எச்.எம்.வி. கிராமபோனில் ‘எக்ஸிபிஷன்’ வகை சவுண்ட் பாக்ஸ் (ஊசி பொருத்தும், ஒலி எழுப்பும் வட்டத் தலைப்பகுதி) இருக்கிறது. பாட்டு கீச்சென்று ஒலிக்கிறது, குரல் ஏறினால் கரகரக்கிறது. புது சவுண்ட் பாக்ஸே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதே பெயரில் இன்று விற்கும் நகல்கள் பலவற்றில் ஊசியின் அதிர்வைத் தகட்டுக்குக் கொண்டுபோகும் ஊசித்தண்டு விறைத்து நிற்கும். இசைத்தட்டு சீக்கிரம் தேயும். உங்களுடையதில் கெட்டிருப்பது அநேகமாக ரப்பர்தான். அதிர்ந்து ஒலி எழுப்பும் மைக்கா (அபிரகம்) தகட்டை முன்னும் பின்னும் பிடித்திருக்கும் ரப்பர் குழாய் கேஸ்கட் (இடுக்கை அடைக்கும் வளையம்) இரண்டும், டோன் ஆர்மில் (சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாய்க் கையில்) பொருந்தும் பின்பக்க ரப்பரும் நாளடைவில் கல்லாக இறுகிவிடும். தகடு அசைய வழியில்லாமல் கீழ்ச்சுரம் அடங்கும், இடுக்கில் காற்று கசியும். இந்த மூன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கழற்றும்போது வரிசை முக்கியம். தகட்டின் நடுவில் ஊசித்தண்டின் நுனியைப் பிடித்திருக்கும் சின்ன திருகைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதன்மேல் உள்ள மெழுகை இளக்க, சூடான சால்டரிங் அயர்னைத் தண்டின் நுனியில் தொட்டால் போதும், மைக்காவில் படக்கூடாது. இதை விட்டுவிட்டுப் பின்மூடியைத் திறந்தால் தகடு கிழியும்.

கேஸ்கட்டை நீளம் பார்த்து வெட்டுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஏறி உட்காரக் கூடாது. இரண்டு கேஸ்கட்டின் இணைப்பும் ஒரே இடத்தில் வர வேண்டாம். பின்பக்கத்து மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். தகடு நழுவாத அளவு போதும். அதற்கு மேல் நசுக்கினால் பழைய கீச்சுக்குரலே திரும்பும். பசை, சிலிகான் எதுவும் கூடாது.

பலர் சறுக்குவது கடைசிக் கட்டத்தில். நடுத்திருகைப் போடுவதற்கு முன்பே தண்டின் நுனி மைக்காவின் துளைக்கு நேராக, தகட்டைத் தள்ளாமலும் இழுக்காமலும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இருபக்க ஸ்பிரிங் திருகுகளால் சரிசெய்யுங்கள். ஸ்பிரிங் இறுகினால் தகரச் சத்தம், தளர்ந்தால் உரத்த இடத்தில் கரகரப்பு. பிறகு ஒரு சொட்டு தேன்மெழுகு வைத்துத் துளையை அடைத்துவிடுங்கள். மைக்கா அடுக்கு பிரிந்து வெள்ளை பூத்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ மட்டும் புதுசு போடுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): எச்.எம்.வி. 102 மாடல் கிராமபோனின் 5ஏ வகை சவுண்ட் பாக்ஸ் உடம்பில் விரிசல். ஒட்டலாமா?

பதில்: ஒட்டிப் பயனில்லை. அது துத்தநாகக் கலவை வார்ப்பு. உலோகத்தில் கலந்த அசுத்தத்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து உப்பும். திருகை முறுக்கினால் நொறுங்கிவிடும். நல்ல உடம்புள்ள இன்னொரு பாக்ஸ் தேடுவதே வழி.

கேள்வி (மதுரை வாசகர்): மைக்காவுக்குப் பதில் அலுமினியத் தகடு போட்டால் ஒலி கூடுமா?

பதில்: 1925-இல் வந்த ‘ஆர்த்தோபோனிக்’ என்ற புதுவகை சவுண்ட் பாக்ஸைப் பார்த்து எழும் ஆசை இது. அதன் அலுமினியக் கலவைத் தகடு நடுவில் குவிந்து, ஓரத்தில் மடிப்பு வைத்தது. தண்டு பால் பேரிங்கில் ஆடும். ‘எக்ஸிபிஷன்’ பாக்ஸில் தட்டையான அலுமினியத்தை வெட்டிப் போட்டால் காதைக் குத்தும் சத்தம்தான் மிஞ்சும்.