அவருக்கு மெழுகுவத்தி, அண்ணனுக்குப் பவுடரா?

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது. கோத்தகிரி பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். சின்ன வயதில் டிவியில் சூப்பர்மேன் பார்த்ததிலிருந்து அதில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் என்றால் எனக்கு உயிர். அவர் இறந்த அக்டோபர் 10 அன்று ஒவ்வொரு வருடமும் நண்பர்கள் கூடி மெழுகுவத்தி ஏற்றிப் படம் பார்ப்போம். இந்த வருடம் எனக்கு அழுகை நிற்கவே இல்லை. மனைவி கேலி செய்கிறாள். இந்தத் துக்கம் ஏன் போக மாட்டேன் என்கிறது? எங்கள் வீட்டிலும் அண்ணன் சில்வர் ஓக் கிளை வெட்ட ஏறி விழுந்து, 2 வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் இருக்கிறார். அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார். இப்போது பின்பக்கம் சின்னதாக ஒரு புண், பவுடர் போடுகிறோம், வலிக்கவில்லை என்கிறார். அதனால் ரீவ் பட்ட கஷ்டம் எனக்கு நன்றாகப் புரியும்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் ரீவ், அண்ணனின் புண்ணுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

உங்கள் ரீவ் எதனால் இறந்தார் என்று தெரியுமா? குதிரையிலிருந்து விழுந்ததாலா? அது 1995 மே 27, வர்ஜீனியாவில். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் உடைந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்து, தானாக மூச்சுவிடக்கூட முடியாமல் போனது. அதற்குப் பிறகும் மனிதர் 9 வருடம் வாழ்ந்தார், நடித்தார், படம் இயக்கினார், தண்டுவட ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு ஊர் ஊராகப் போனார். கடைசியில் 2004-ல் படுக்கைப் புண்ணில் தொற்று ஏறி, அதற்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே இதயம் நின்றது. 52 வயது. பணம் இருந்தது, இரவும் பகலும் நர்ஸ்கள் இருந்தார்கள், அப்படியும் ஒரு புண் அவரைக் கொண்டுபோனது. வருடா வருடம் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள், அதே புண்ணுக்கு உங்கள் வீட்டில் பவுடர் போடுகிறீர்கள்.

வலிக்கவில்லை என்கிறாராம். எப்படி வலிக்கும்? உணர்வில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். நமக்கென்றால் ஒரே பக்கம் கொஞ்ச நேரம் கிடந்தாலே உறுத்தும், தூக்கத்திலும் புரண்டு படுப்போம். அவருக்கு அந்த உறுத்தல் மூளைக்குப் போவதில்லை, அதனால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்தம் போகாமல் அது உள்ளேயே சாகிறது. வெளியே எட்டணா அளவுக்குத் தெரிந்தால் உள்ளே குழி எவ்வளவு பெரிது என்று பார்த்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும். என் மாமனார் 6 வருடம் படுத்த படுக்கையாக இருந்தார், நானும் பவுடரும் மஞ்சளும் போட்டவள்தான். அடியில் சீழ் கட்டியது தெரியவே இல்லை, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கோபப்படுகிறேன்.

நாளைக்குக் காலையில் பச்சைத் தேயிலை பறிக்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சரி, அண்ணனைக் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஊட்டிக்கு அனுப்பினால் ஊட்டிக்கும் போங்கள். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலோ, புண் கறுத்தாலோ, நாறினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். புண் இருக்கும் பக்கம் படுக்க வைக்காதீர்கள். சுற்றிலும் சிவந்திருந்தால் அங்கே தேய்க்காதீர்கள், நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியிருக்கும் சதையை அழுத்தும். காற்று மெத்தை கிடைத்தால் நல்லது, ஆனால் மெத்தை வாங்கிவிட்டோம் என்று திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். புண் ஆற முட்டை, பருப்பு எல்லாம் நிறையக் கொடுங்கள். அப்புறம், இந்த ஐப்பசி மழையில் உங்கள் ஊரில் துணி காயாது என்று எனக்குத் தெரியும், ஈரப் போர்வையை மட்டும் அவருக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். குளிருகிறதே என்று காலருகே வெந்நீர்ப் பையோ கரி அடுப்போ வைப்பீர்கள், அது சுட்டாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இனி அண்ணி விஷயம். 'அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய ஆம்பிளை உடம்பை ஒரு பெண் தனியாக, ராத்திரியிலும், இரண்டு வருடமாகத் திருப்புகிறார் என்றால் அவர் கடைசியாக முழுசாகத் தூங்கியது எப்போது? ரீவின் மனைவி டேனாவை நினைத்தும் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் போய் ஒன்றரை வருடத்துக்குள் அந்தப் பெண்ணும் 44 வயதில் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். அவருக்காக அழுத உங்களுக்கு அடுத்த அறையில் இருக்கும் அண்ணி கண்ணில் படவில்லையா? ஒரே வயிற்றில் பிறந்தவன், அவருடைய உடம்பைத் தொட்டுத் துடைக்க எதற்குக் கூச்சப்பட வேண்டும்? நான் பழைய காலத்து ஆள்தான். தம்பி இருக்கும் வீட்டில் அண்ணன் உடம்பில் புண் வந்தால் அந்தக் கேள்வி தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

துக்கம் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் அழுவதை நான் கேலி செய்ய மாட்டேன், உங்கள் மனைவியும் செய்யக் கூடாது. ஆனால் இந்த வருடம் மட்டும் அழுகை நிற்காததற்குக் காரணம் அந்தப் படம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வருடமாக அண்ணனுக்காக நீங்கள் ஒரு தடவைகூட அழுததாகக் கடிதத்தில் இல்லை. எங்கேயோ அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த மனிதருக்காக அழுவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது, அவரை நீங்கள் புரட்டிப் போட வேண்டியதில்லை.

இன்று ராத்திரியிலிருந்து 12 மணி, 2 மணி, 4 மணி மூன்றும் உங்களுடையது. எப்படித் திருப்புவது என்று அண்ணியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு நோட்டில் நேரமும் எந்தப் பக்கம் என்பதும் எழுதி வையுங்கள். புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து வாரத்துக்கு ஒரு முறை அளவும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்.