காளிகேசம் பக்கம் காட்டு நடை: கேட்டதும் சொன்னதும்

கீரிப்பாறை, காளிகேசம் பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய காடு. அங்கே நடக்கப் போகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (மார்த்தாண்டம்): அண்ணா, அம்மாவுக்கு 62 வயசு, கூடவே ஆறு வயசுப் பிள்ளை. நடக்க முடியுமா? எந்த மாசம் நல்லது?

முடியும். கோயிலையும் ஆற்றையும் ஒட்டிய நடையில் பெரிய ஏற்றம் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் போங்க. நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை மதியத்துக்கு மேல் இடிமழை வரும். அந்த மாசங்களில் காலையிலேயே போய், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்க.

கேள்வி (நாகர்கோவில்): நல்ல வெயில் அடிக்குது. அப்பவும் ஆத்துல இறங்க விடமாட்டேங்கிறாங்களே, ஏன்?

நீங்க நிற்கிற இடத்து வானத்தை வைத்துக் கணக்குப் போடாதீங்க. மேலே மாறாமலை, பாலமோர் உயரத்தில் கொட்டுகிற மழை சரிவில் இறங்கிக் கீழே வந்துவிடும். கீழே ஒரு துளிகூட விழுந்திருக்காது. இந்தப் பக்கத்தில் விபத்து என்றால் முதலில் தண்ணீர், அப்புறம் பாறை. யானையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வெள்ளம் வருவதற்கு முன் அறிகுறி தெரியும். கண்ணாடி மாதிரி ஓடின தண்ணீர் சாயா நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். இதில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்க நிற்காமல், நிற்கிற கரையிலேயே மேட்டில் ஏறுங்க. அக்கரைக்குத் தாண்டப் பார்க்கக் கூடாது, ஆற்றோடு கீழே ஓடவும் கூடாது. ஆற்று நடுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

பாறையில் வெளுத்து உலர்ந்த இடத்தில் கால் பிடிக்கும். கறுத்தோ பச்சை படர்ந்தோ இருந்தால் பாசி. எந்தச் செருப்பும் நிற்காது. தண்ணீர் சலனமில்லாமல் கறுப்பாகத் தெரிகிற இடம் கயம், அதாவது ஆழமான பள்ளம்; நீச்சல் தெரிந்தவரும் இறங்க வேண்டாம்.

கேள்வி (குளச்சல்): அட்டைக்கு உப்பா, புகையிலையா?

கடிக்க விடாமல் தடுக்க இரண்டும் உதவும். பேன்ட் நுனியை நீள சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸுக்கு மேல் புகையிலைத் தண்ணீர் தடவுங்க. கடித்த பிறகு உப்பும் வேண்டாம், தீயும் வேண்டாம். அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். அங்கே தோலோடு ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பிறகு மறுமுனையைத் தள்ளுங்க. ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

கேள்வி (சென்னை): வழி முழுக்க ரப்பர் மரம்தானே சார், இதையா பழங்காடு என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் இருக்கின்றன. மரங்கள் வரிசை பிசகாமல் நின்று, பட்டையில் சாய்வாகப் பால் வெட்டின தழும்பும் அதன் கீழே கிண்ணமோ சிரட்டையோ தெரிந்தால் அது தோட்டம். வரிசை குலைந்து, பிரம்பும் கொடிகளும் பின்னி, பெரிய மரங்களின் அடி பலகை பலகையாக விரிந்தால் காட்டுக்குள் வந்துவிட்டீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலையைவிட வயதில் மூத்தது. அதன் 39 பகுதிகள் 2012 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

அந்தப் பெரிய மரங்களில்தான் இருவாட்சிப் பறவையின் பிழைப்பு. பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, சின்னப் பிளவு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். நடக்க வசதியான மாசங்களிலேயே கூடு கட்டுகிற பருவமும் தொடங்கிவிடும். ஒரே மரத்துக்கு இருவாட்சி திரும்பத் திரும்ப வந்தால் அதன் அடியில் நிற்காதீங்க. ஆள் நின்றால் ஆண் பறவை கூட்டுக்கு வரத் தயங்கும், உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும்.

கேள்வி (தக்கலை): அனுமதி வேணுமா? ட்ரோன்?

வேணும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் பலியான காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்யுங்க. வழிகாட்டி கூட வருவார். மழையிலும் தீக்காலத்திலும் திடீரென மூடுவார்கள், கிளம்பும் அன்று காலையிலும் விசாரிங்க. ட்ரோன் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம்.

கேள்வி (திருவட்டாறு): யானை வந்தா?

வந்த வழியே, பேசாமல் பின்வாங்குங்க. ஆவி பறக்கிற யானைச் சாணம் கண்டாலே திரும்பலாம். போட்டோ எடுக்க நிற்கிறவர்தான் மாட்டுவார்.

கேள்வி (அருமனை): பாம்பு கடிச்சா, அக்கா?

கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கால் அசையாமல் கம்பு வைத்துக் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு வாங்க. மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்க; வீங்கினால் கழற்ற முடியாது. சிக்னல் கிடைத்ததும் 108. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீங்க, தூரத்திலிருந்து போட்டோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க. ஈரச் சருகில் கிடக்கிற கூம்புமூக்குக் குழிவிரியனின் விஷத்துக்கு, இங்கே புழக்கத்தில் உள்ள முறிமருந்து கேட்காது. அதனால் உட்காரும் முன் சருகைக் கம்பால் தட்டுங்க.

கேள்வி (களியக்காவிளை): சாப்பாடு?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்). தோலையும் திரும்பக் கொண்டுவாங்க. குரங்குக்குப் போட வேண்டாம்.