டிவி துப்பறியும் தொடர்கள்ல போருக்குப் போய்ட்டு வந்தவங்களை ஜாலியான ஆளுங்களா காட்டுறது அவங்களை அவமானப்படுத்துற மாதிரி இல்லையா?

நீங்க கேள்விக்குக் கீழ எழுதியிருந்த விளக்கத்தையும் படிச்சேன். பழைய அமெரிக்க துப்பறியும் தொடர் 'மேக்னம் பி.ஐ.' பார்த்திருக்கீங்க. அதுல ஹீரோ மேக்னம், வியட்நாம் போருக்குப் போய்ட்டு வந்த ஆளு, ஹவாய்ல பூப்போட்ட சட்டையும் அரை டவுசருமா யாரோ ஒருத்தரோட ஃபெராரிய ஓட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே திரியறான், போருக்குப் போனவன் இப்படியா இருப்பான்னு கேட்டிருக்கீங்க. உங்க கோபம் நல்ல மனசுல இருந்து வர்றதுதான். ஆனா உங்க வீட்ல யாரும் பட்டாளத்துல இருந்திருக்க மாட்டாங்கன்னு தோணுது, இருந்திருந்தா இப்படி கேட்டிருக்க மாட்டீங்க. நான் 1984ல சேர்ந்து 22 வருஷம் சர்வீஸ் போட்டவன், சிக்னல்ஸ், அதாவது ராணுவத்துல தகவல் தொடர்புப் பிரிவு, ஹவில்தாரா ரிட்டையர் ஆனேன். என்னைக் கேட்டா அதுல அவமானம் எதுவும் இல்ல. அந்த ஆளு சிரிக்கிறான் பாருங்க, அதான் அந்தத் தொடர்லயே எனக்கு ரொம்ப உண்மையா பட்ட விஷயம்.

நான் இதைப் பார்த்ததே 2023லதான். பையன் அமெரிக்காவுல ஒஹாயோல இருக்கான், பேத்தி பொறந்ததுக்கு நானும் வீட்டம்மாவும் ஆறு மாசம் போயிருந்தோம். பகல்ல பையனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க, வீட்டம்மா குழந்தையோட இருப்பாங்க, எனக்கு வெளிய நடக்கவும் கடை கண்ணின்னு போகவும் வழி இல்ல, கார் இல்லாம அங்க ஒண்ணும் முடியாது. அதனால மத்தியானம் ஃபுல்லா டிவி. அப்படித்தான் இது கண்ல பட்டுச்சு. முதல் நாலஞ்சு எபிசோட் எனக்கும் உங்களை மாதிரியே எரிச்சலாத்தான் இருந்துச்சு, என்னடா இவனுங்க மிலிட்டரிய விளையாட்டாக்கிட்டானுங்களேன்னு.

அப்புறம் பார்க்கப் பார்க்க ஒண்ணு புரிஞ்சுது. மேக்னம், அவன் ஃப்ரெண்ட்ஸ் டி.சி., ரிக் மூணு பேரும் ஒண்ணா போர்ல இருந்தவங்க. டி.சி. ஹெலிகாப்டர் வாடகைக்கு ஓட்டுறான், ரிக் கிளப் நடத்துறான். மேக்னம் அவங்ககிட்ட ஓசியிலயே ஹெலிகாப்டர்ல போவான், கடன் சொல்லுவான், அவனுங்க திட்டுவானுங்க, ஆனா கூப்பிட்டா ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து நிப்பானுங்க. மூணு பேர் விரல்லயும் ஒரே மாதிரி மோதிரம். எங்க செட்ல ஒருத்தன் இன்னைக்கும் ராத்திரி போன் பண்ணி ஒண்ணுமே பேசாம "சாப்பிட்டியா"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிடுவான், எனக்குத் தெரியும் அவனுக்கு அன்னைக்கு தூக்கம் வரலன்னு. ஹிக்கின்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் ஆர்மி பெரியவர் வருவாரே, எதுக்கெடுத்தாலும் தன் பழைய போர்க் கதைய ஆரம்பிச்சுடுவாரு, எல்லாரும் தப்பிச்சு ஓடுவாங்க. மேக்னம் வாயே தொறக்க மாட்டான். இந்த ரெண்டு ரக ஆளுங்களையும் எங்க ஊர் எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்துக்கு வந்தா நேர்லயே பார்க்கலாம். தொடரை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் டொனால்ட் பெலிசாரியோ, அவரே அமெரிக்க ராணுவத்தோட மெரீன் கார்ப்ஸ் படையில இருந்தவர். ஹீரோவா நடிச்ச டாம் செல்லெக்கும் நேஷனல் கார்டுங்கிற அவங்க பகுதிநேர ராணுவப் படையில இருந்தவர்தான். வெளிய இருந்து கற்பனை பண்ணி எழுதினதில்ல அது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். ஜூலை 4 அவங்க சுதந்திர தினம். பக்கத்து வீட்டுக்கு முன்னாடி புல்லுல ஒரு சின்ன போர்டு வச்சிருந்துச்சு, இங்க போர்ல இருந்து வந்தவர் இருக்கார், வெடி வெடிக்கிறப்போ கொஞ்சம் பார்த்துக்கங்கன்னு. அங்க நிறைய பேர் அப்படி வைக்கிறாங்க. அந்த வீட்ல ஒரு பெரியவர், எழுபத்தஞ்சு வயசு இருக்கும், எப்பவும் ஒரு தொப்பி, அதுல வியட்நாம் வெட்டரன்னு எழுதியிருக்கும். ரெண்டு மாசமா வெறும் கையாட்டலோட சரி. அன்னைக்கு சாயங்காலம் தெரு ஃபுல்லா நாற்காலி போட்டு வாணவேடிக்கை பார்க்க உக்காந்துட்டாங்க, பையனும் எனக்கு ஒரு சேர் போட்டான். முதல் நாலஞ்சு வெடிக்கு உக்காந்திருந்தேன். எனக்கு தீபாவளியே ஆகாது, வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா சம்பந்தி வீட்டுக்காரங்களும் வந்திருந்தாங்க, எப்படி சொல்றது. நைசா எழுந்து வந்துட்டேன்.

வர்றப்போ பார்த்தா அந்தப் பெரியவர் கராஜ் கதவைப் பாதி ஏத்திவிட்டு உள்ள ஃபேனை ஃபுல் ஸ்பீடுல போட்டுட்டு நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். என்னைப் பார்த்தார். கையால வான்னு காட்டினார். என் இங்கிலீஷ் பட்டாளத்து இங்கிலீஷ், அவர் பேசறதுல பாதி எனக்குப் புரியல, ஆனாலும் ஒன்பதரை மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் அங்கதான் இருந்தேன். ஹெலிகாப்டர் ரிப்பேர் பிரிவுல இருந்தாராம். நான் எங்க இருந்தேன்னு கேட்டார், ஸ்ரீலங்கான்னேன். 1987 அக்டோபர்ல இருந்து ஒன்றரை வருஷம், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துல, முதுகுல வயர்லெஸ் செட். இந்தியா அங்க ஒரு போர்ல இருந்துச்சுன்னே அவருக்குத் தெரியாது. இங்கயே பாதி பேருக்குத் தெரியாது, அவரைச் சொல்லி என்ன.

நான் மேக்னம் பார்க்கிறேன்னு சொன்னதும்தான் மனுஷன் முகமே மாறுச்சு. அது 1980 டிசம்பர்ல வந்தப்போ அவருக்கு முப்பது வயசு சுமாராம். அதுக்கு முன்னாடி டிவில வியட்நாம் போனவன்னு காட்டினா ஒண்ணு துப்பாக்கியோட மாடில ஏறி நிக்கிற பைத்தியம், இல்ல ஊசி போட்டுக்கிறவன், வேலைக்கு இன்டர்வியூ போனாலே அப்படித்தான் பார்ப்பாங்களாம். முதல் தடவையா ஒருத்தன் குளிச்சு சட்டை போட்டு, ஃப்ரெண்ட்ஸோட பீர் குடிச்சு, நாலு பேருக்கு உதவி பண்ற ஆளா வந்தான், எங்கம்மா அதைப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணுச்சுன்னு சொன்னார். போர் மாதிரி பயங்கரத்தைப் பார்த்தவங்க மனசுல தங்கிடுற பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி.ங்கிற பேரே அமெரிக்க மனநல டாக்டர்கள் கையேட்டுல 1980லதான் ஏறுச்சு. அதே வருஷம் இந்தத் தொடரும் ஆரம்பிச்சிருக்கு பாருங்க.

அப்புறம் அவர்தான் சொன்னார், மேக்னமும் ஜூலை 4 அன்னைக்கு யார்கூடயும் இருக்க மாட்டான், தனியா போயிடுவான்னு. மறுநாள் பையன்கிட்ட சொல்லி தேடி எடுத்துப் பார்த்தேன், 'ஹோம் ஃப்ரம் த சீ', 1983ல வந்த நாலாவது சீசன்ல முதல் எபிசோட். கடல்ல தனியா துடுப்பு போட்டுட்டுப் போறவன் தண்ணில விழுந்து நீரோட்டத்துல இழுத்துட்டுப் போயிடுறான். அவ்ளோதான் கதை. மிதந்துக்கிட்டே இருக்கான், கையில அப்பாவோட வாட்ச், அந்த அப்பா கொரியா போர்ல செத்தவர், சின்ன வயசுல மிதக்கக் கத்துக் கொடுத்தவர். கரையில இருக்கிற டி.சி., ரிக், ஹிக்கின்ஸ் மூணு பேருக்கும் ஏன்னே தெரியாம மனசு சரியில்ல.

எனக்கு ஆகஸ்ட் 15 அப்படி. வருஷா வருஷம் பக்கத்து ஸ்கூல்ல கொடியேத்தக் கூப்பிடுவாங்க, நல்ல மனசோடதான் கூப்பிடுறாங்க, நானும் போவேன், பிள்ளைங்க சல்யூட் அடிக்கும், ஒரு பையன் நிச்சயமா "எத்தனை பேரை சுட்டீங்க அங்கிள்"னு கேப்பான். யாழ்ப்பாணத்துல ஒரு வீட்டு வாசல்ல ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுட்டு "தம்பி, நீர் தமிழோ?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. எனக்கு அதுதான் ஞாபகம் வரும். வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் மொட்டை மாடில இருப்பேன், வீட்டம்மா யாரையும் மேல விடமாட்டாங்க.

இதைப் படிச்சுட்டு ஐ.பி.கே.எஃப்.ல, அதான் ஸ்ரீலங்காவுக்குப் போன இந்திய அமைதிப் படையில இருந்தவன் அனுதாபம் தேடுறான்னு சிலர் எழுதுவீங்க. அந்த மக்கள் பட்டதுக்கு முன்னாடி நான் பட்டது ஒண்ணுமே இல்ல, அது எனக்கும் தெரியும், அதைப் பத்தி வாதம் பண்ண இங்க வரல. இன்னும் சிலர் மேக்னம் வெறும் பொழுதுபோக்கு, அதுக்கு இவ்ளோ அர்த்தமான்னு கேப்பீங்க. பொழுதுபோக்குதான். தப்பும் இருக்கு, யாரும் பென்ஷனுக்கு அலையறது இல்ல, கல்யாணம் குழந்தைன்னு பக்கத்துல இருந்து கஷ்டப்படுற பொம்பளைங்க கதை ரொம்பக் கம்மி. 2010ல பிபிசி எடுத்த 'ஷெர்லாக்'ல இன்னும் மோசம், ஆஃப்கானிஸ்தான் போர்ல இருந்து வந்த டாக்டர் வாட்சனுக்கு, அதான் ஷெர்லாக் ஹோம்ஸோட கூட்டாளிக்கு, மனசால வந்த நொண்டல், ஒரே ராத்திரி லண்டன் தெருவுல ஓடினதும் கைத்தடிய மறந்துடுறார். பார்க்க ஜோரா இருக்கும். அப்படிப் போகாதுங்க. எனக்குத் தெரிஞ்ச யாருக்கும் போகல.

கேள்விக்கு சம்பந்தம் இல்லாட்டியும் ஒண்ணு சொல்லிடறேன். ரிட்டையர் ஆகி வந்த புதுசுல எங்க ஊர்ல ஒரு நகைக்கடையில செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். யூனிஃபார்ம் கொடுத்தாங்க, சரி. அட்சய திருதியைக்கு ரெண்டு நாள் முன்னாடி மேனேஜர் கூப்பிட்டு, "அண்ணே, உங்க மெடல் எல்லாம் குத்திட்டு வாசல்ல நில்லுங்க, கார் வந்தா சல்யூட் அடிங்க, கஸ்டமருக்கு ஒரு கெத்தா இருக்கும்"னான். அன்னைக்கே வேலைய விட்டுட்டேன், அந்த மாசச் சம்பளத்தை இன்னும் தரல. பூப்போட்ட சட்டை எனக்கு அவமானமா தெரியாததுக்கு இதுவும் காரணமோ என்னமோ.

நீங்க அந்த நாலாவது சீசன் முதல் எபிசோடைப் பாருங்க. வீட்ல யாராவது பழைய பட்டாளத்துக்காரர் இருந்தா, அவரைப் பக்கத்துல உக்கார வைக்காதீங்க, அவர் தனியா பார்த்துக்கட்டும்.